சிவப்பு நூல் சுற்றிய கூலிங் கிளாஸ்

குனிந்த தலை நிமிராமல் நடந்த குணசேகரன், மேனாம்பேடு முனையில் பால்காரரின் மாட்டின் மேலேயே போய் மோதினான். மன்னிப்புக் கேட்கும்போதும் மாட்டின் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கும் கண் சிவந்திருந்தால்?

காரணம் தெருவுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவன் திருமுல்லைவாயிலுக்குப் பெண் பார்க்கப் போகிறான். முன்னே பார்த்த இரண்டு இடமும் தட்டிப்போயின. இந்த நேரம் பார்த்து அம்பத்தூர் முழுக்க மெட்ராஸ் ஐ. நோவுள்ள கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் தெருவின் விஞ்ஞானம்.

ஃபாக்டரியில் சுவரைப் பார்த்தபடி ஃபோர்மேனுக்குப் பதில் சொல்லி, எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டான். பக்கத்து வீட்டுத் துலுக்கானத்துக்கு மனசு கேட்கவில்லை.

"இந்தா மாமே, கூலிங் கிளாஸ். இத்தப் போட்டுக்கினா ஒரு நோவும் உள்ள பூராது."

"ஒரு கால் ஒடிஞ்சு கீதே?"

"அதான் செகப்பு நூல் சுத்திக் கீதுல்ல? கை மாறி கை மாறி எனக்கே இரவலா வந்துச்சு. பத்திரம்!"

டிஸ்பென்சரி நர்ஸ் பொன்னியம்மா மட்டும் சிரித்தாள். "பாத்தா ஒட்டாதுய்யா. கிருமி இன்னா பறந்தா வருது? கையி, துண்டு, தலகாணின்னு ஏறிக்கினுதான் வரும்."

அதையும் குணசேகரன் விட்டுவைக்கவில்லை. யாரையும் தொடவில்லை. தன் துண்டை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். கூலிங் கிளாஸைத் தூக்கத்தில்கூடக் கழற்றவில்லை.

அதற்குள்ளிருந்து பார்த்தால் நட்டநடுப் பகலே அந்தியாகத் தெரிந்தது. சாயங்காலச் சங்கு ஊதியதும் ஃபாக்டரி கேட்டைத் தாண்டி வந்த கூட்டத்தில் ஒருவனுக்கும் கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் குழிகள். பேச்சு மூச்சில்லாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு, அத்தனை குழிகளும் அவன் பக்கமே திரும்பின. இமைக்கடியில் மணல்போல ஏதோ ஊர்ந்தது. கண்ணாடியை இன்னும் அழுத்தி மாட்டிக்கொண்டான்.

ஞாயிறு விடிந்தது, கண் திறக்கவில்லை. யாரோ ஊசிநூலால் இமைகளைத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது. வெந்நீரில் துடைத்துப் பிரித்து, சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால், அவன் முகத்தில் யாருடையதோ இரண்டு ரத்தக் கண்கள்.

"போவாதடா!" என்று அழுதாள் அம்மா பார்வதம்.

"இதுவும் போச்சுன்னா எனக்கு எவன் குடுப்பான்?" கறுப்புக் கண்ணாடியோடு கிளம்பிவிட்டான்.

திருமுல்லைவாயிலில் பெண் நாகவல்லி காபி கொண்டுவந்தாள். அவளை ஒருமுறை நேராகப் பார்க்கத்தான் இத்தனை பாடு. பார்த்தான். கறுப்பாகத் தெரிந்தாள்.

"மாப்ள கண்ணாடியக் கொஞ்சம் கழட்டட்டும்," என்றார் பெண்ணின் அப்பா கங்காதரன்.

கழற்றிப் பாயில் வைத்தான். நாகவல்லியைத் தவிர அத்தனை பேரும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

காலி டம்ளரை எடுக்க வந்த பெண்ணின் அத்தை குப்பம்மா, பாயில் கிடந்த கண்ணாடியை எடுத்து, நூலைத் தடவிப் பார்த்தாள்.

"அடியே நாகவல்லி, கண்ணு நோவு வந்து ராவும் பகலும் நீ மாட்டிக்கினு கெடந்தியே, நீயே நூல் சுத்துன அந்தக் கண்ணாடிடீ இது!"