கீழ்க் குழாய்க்குள் இருந்த ஸ்பிரிங்

மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. பத்து வயதுக்குள் ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு டார்ச் லைட், அப்பா ஆசையாக வாங்கிய ரேடியோ மூன்றையும் பிரித்துப் போட்டிருந்தேன். (திரும்பப் பூட்டியது டார்ச் லைட்டை மட்டும்தான். அதுவும் எரியவில்லை.) அப்போதே யாராவது என் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கியிருக்க வேண்டும். ஒருவரும் பிடுங்கவில்லை. அதனால்தான் எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணனின் கல்யாணமே நடுரோட்டில் கொதித்துப் போகப் பார்த்தது.

அப்பா தவறிய பிறகு மலேசியாவில், ஈப்போ புந்தோங்கில் அம்மா, அண்ணன், நான் மூவரும் இருந்தோம். எனக்கு இருபது வயது. ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு டைப்பிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு இருபத்தொன்பது, அரசாங்க அலுவலகத்தில் கிராணி, குமாஸ்தா வேலை. நல்ல மனிதர், பார்க்கவும் லட்சணமாக இருப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் மட்டும் வாய் திறக்க மாட்டார். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பார். மூன்று வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதில் ஒரு வீட்டில், "மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா?" என்றே கேட்டனுப்பினார்கள்.

நான்காவது பெண் கோலா கங்சாரில். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

அண்ணனிடம் ஒரு கார் இருந்தது. இங்கிலாந்தில் செய்தது, என்னைவிட மூத்தது, உருண்டைக் கண்ணும் உப்பிய கன்னமுமாக இருக்கும். அந்த வாரம் ரேடியேட்டரின் மேல் குழாயில், கிளிப் மாட்டும் இடத்தில், ரப்பர் வெடித்து நீர் கசிய ஆரம்பித்தது. அண்ணன் மேலுக்கும் கீழுக்குமாக இரண்டு புதுக் குழாய்கள் வாங்கி வந்தார். ஒர்க் ஷாப்பில் செவ்வாய்க்கிழமைதான் முடியும் என்று சொல்லிவிட்டார்கள்.

"நாலு கிளிப்பக் கழட்டி மாட்டுற வேலதானே அண்ணே. நான் செய்றேன்."

"ரேடியோ ஞாபகம் இருக்கா?" என்றார் அண்ணன்.

"அது சின்ன வயசு லா!"

அவருக்கும் வேறு வழியில்லை.

சனிக்கிழமை காலையில் நீரைத் திறந்துவிட்டேன். தேநீர் நிறத்தில் துருத் தண்ணீர் ஒரு வாளி வந்தது. மேல் குழாய் சுலபமாகக் கழன்றது. விரலால் அமுக்கினால் மொறுமொறுவென்று அப்பளச் சத்தம். கீழ்க் குழாயை முறுக்கி இழுத்தபோதுதான் உள்ளே ஏதோ உரசியது. எட்டிப் பார்த்தேன். ஒரு ஸ்பிரிங்! குழாயின் நீளத்துக்கு, துருப்பிடித்து, சுருண்டு படுத்திருந்தது.

தண்ணீர் போகிற குழாய்க்குள் ஸ்பிரிங் எதற்கு? வாசல்படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் அதை இழுத்தும் அமுக்கியும் யோசித்தேன். எதையும் தள்ளவில்லை, எதையும் பிடிக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் முடிவுக்கு வந்தேன்: எப்போதோ எவனோ ஒரு மெக்கானிக் அடைப்பு எடுக்க உள்ளே விட்டு, எடுக்க மறந்திருக்கிறான். பாவம், இத்தனை வருஷமாக இந்த முட்டுக்கட்டையோடு கார் ஓடியிருக்கிறதே! அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, புதுக் குழாய்களை வெறுமையாக மாட்டிக் கிளிப்பை இறுக்கினேன். சாயங்காலம் அண்ணன் புந்தோங்கை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்தார். ஒரு சொட்டுக் கசிவில்லை. சூட்டைக் காட்டும் முள் சாதுவாக நடுவில் நின்றது.

"பரவாலயே பாப்பா," என்றார். (நான் அன்று இரவு இன்ஜினியராகத் தூங்கினேன்.)

மறுநாள் இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். அண்ணன் புது வெள்ளைச் சட்டையில், அம்மா பட்டுப் புடவையில், பின்சீட்டில் பழத்தட்டோடு நான். செம்மோர் தாண்டி ரோடு நீண்டது, அண்ணன் வேகம் பிடித்தார். முள்ளும் பிடித்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புக்குப் போய்விட்டது. பானெட்டின் இடுக்கில் ஆவி.

நிறுத்தித் திறந்தோம். குழாய்கள் இரண்டும் கொழுகொழுவென்று இருந்தன. கசிவும் இல்லை. அண்ணன் அவசரத்தில் துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். நல்லவேளை, சட்டென்று பின்னால் குதித்தார், முகம் தப்பியது. சட்டை தப்பவில்லை. மார்பில் தேநீர் நிறத்தில் ஒரு பெரிய கறை.

பக்கத்து எஸ்டேட் தொழிலாளர் லயத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்றிக் கிளம்பினோம். மூன்று மைலில் மறுபடி கொதித்தது. திறந்தால் மறுபடியும் எல்லாம் ஒழுங்கு. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, இன்ஜினைத் தட்டிப் பார்த்து, "தண்ணி பம்பு ரோசாக் லா அண்ணே, இனி ஓடாது," என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனார். சுங்கை சிப்புட் தாண்டி, இருபுறமும் ரப்பர் மரங்கள் நிற்கும் இடத்தில் மூன்றாவது தடவை.

எனக்குப் பயத்தைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. ஓடும்போது வருகிற நோய், நின்றால் எங்கே போகிறது? சூடு தணிந்து நீர் ஊற்றியதும், "அண்ணே, நீங்க உள்ள உக்காந்து எண்ணெய மிதிங்க. நான் பாக்குறேன்," என்றேன்.

அண்ணன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். இன்ஜின் உறுமியது. கீழ்க் குழாய் மெதுவாக, ஸ்ட்ரா உறிஞ்சுகிற குழந்தையின் கன்னம் போல, உள்ளே ஒட்டித் தட்டையானது. அண்ணன் காலை எடுத்தார். குழாய் மறுபடியும் உப்பிக்கொண்டு, ஒன்றும் தெரியாத மாதிரி நின்றது.

பம்பு வேகமாக உறிஞ்சும்போது குழாய் ஒட்டிவிடாமல் இருக்கத்தான் அந்த ஸ்பிரிங்! என்ன அருமையான யோசனை என்று ஒரு நொடி மெய்மறந்து நின்றேன். அடுத்த நொடி, அது புந்தோங்கில் குப்பைத் தொட்டியில் கிடப்பது ஞாபகம் வந்தது.

"என்ன தெரியுது?" என்று அண்ணன் உள்ளிருந்து கத்தினார்.

"ஒண்ணும் தெரியல," என்றேன். (ஆமாம், பொய்தான்.)

அப்போது அம்மா காரைவிட்டு இறங்கினார். கண் கலங்கியிருந்தது. "மூணு தடவ தடுக்குதுடா. இது சகுனம். அந்தப் பொண்ணு நமக்கு வேணாம், வீட்டுக்குப் போலாம்."

அண்ணன் கறைபட்ட சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, காரைத் திருப்ப ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான்காவது வீடும் போகிறது. அந்த முகத்தைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா, சகுனம் இல்லம்மா. நான்தான்!"

ஸ்பிரிங் கதையை அழுதுகொண்டே சொன்னேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்: "மெதுவா போனா ஒட்டாதா?"

"ஒட்டாது அண்ணே."

மிச்ச தூரத்தை இருபது மைல் வேகத்தில் கடந்தோம். லாரிகள் ஹார்ன் அடித்தன. பள்ளிக்கூட வயதுப் பையன்கள் சைக்கிளில் முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கோலா கங்சார் வீட்டு வாசலில் நின்றபோது மணி நாலே முக்கால்.

பெண்ணின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வாங்க, உக்காருங்க. ஆனா ஆறு மணி வரைக்கும் அந்தப் பேச்சு எடுக்க வேணாம்."

அந்தப் பேச்சை எடுக்கக் கூடாத ஒன்றே கால் மணி நேரம்! பெண் தேநீர் கொண்டுவந்தாள். கோப்பையைப் பார்த்தாள், அண்ணனின் சட்டையைப் பார்த்தாள். இரண்டும் ஒரே நிறம்.

"என்னங்க ஆச்சு?"

அண்ணன் வாய் திறந்தார். மூடவேயில்லை. குழாய், ஆவி, சைக்கிள்காரர், அம்மாவின் சகுனம், என் அழுகை எல்லாவற்றையும் எழுந்து நின்று நடித்தே காட்டினார். பெண்ணின் அப்பா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பெண் மட்டும் என் பக்கம் திரும்பி, "அப்ப மேல் குழாய்க்கு ஸ்பிரிங் வேணாமா?" என்று கேட்டாள்.

"அதுல தண்ணிய உறிஞ்சல அக்கா, தள்ளுது," என்றேன். அவளை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. ஆறு மணிக்குப் பேசவேண்டிய பேச்சைப் பெரியவர்கள் ஐந்தே நிமிடத்தில் முடித்தார்கள்.

எண்பதுகளில் எனக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது, கட்டிலருகே அண்ணனும் அண்ணியும் நின்றிருந்தார்கள். டாக்டர், குடல்வால் உடம்புக்கு ஒரு பயனும் இல்லாதது, எடுத்ததால் ஒன்றும் குறையாது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

அண்ணன் கவலையோடு கேட்டுக்கொண்டார்: "அப்படித்தான் இவளும் நெனச்சா டாக்டர். எதுக்கும் அதக் குப்பையில போட்டுடாதீங்க."

தையல் போட்ட வயிறு. சிரிக்கவும் முடியவில்லை.