குற்றாலத்தில் கால் கிலோ அல்வா

சர்க்கரை வியாதி வந்தவனுக்குப் பொய் சொல்லும் திறமை இலவச இணைப்பாகக் கிடைக்கிறது. எனக்கு அது கொஞ்சம் தாராளமாகவே கிடைத்தது.

இரண்டு வருடத்துக்கு முன் தென்காசி டாக்டர் என் இடது கையில் காசு அளவுக்கு ஒரு சென்சாரை ஒட்டினார். பதினான்கு நாள் அது சர்க்கரையை அளக்கும். போன் திரையில் அதன் கோடு சீராக வந்தால் மாத்திரை, எகிறினால் இன்சுலின் ஊசி. (ஊசியைப் பார்த்தாலே எனக்குக் கண் இருட்டும். இத்தனைக்கும் எங்கள் வீட்டில் பாதிப் பேர் ராணுவம்.) அளவெல்லாம் சென்னையில் இருக்கும் மகள் கவிதாவின் போனுக்கும் போகும்.

பன்னிரண்டு நாள் யோக்கியனாக இருந்தேன். பதிமூன்றாம் நாள் ஐந்தருவிக்குப் போனோம். நல்ல சாரல், எங்கும் பஜ்ஜி வாசனை. மனைவி செல்வி சட்டம் போட்டாள்: முதலில் சுண்டல், அப்புறம் அவித்த கடலை, கடைசியாக ஒரே ஒரு வாழைக்காய் பஜ்ஜி, உடனே நடை. ஆச்சரியம், கோடு அசையவில்லை! செல்வி குளிக்கப் போக, நான் அந்தப் பெருமையோடு எண்ணெய் தேய்ப்பவரிடம் உடம்பை ஒப்படைத்தேன்.

"கையில என்ன அண்ணாச்சி வில்லை?"

"சுகர் மிசினு. அதத் தொட்டுராதிய."

"நான் ஏன் தொடுதேன்? அந்தப் பக்கமா சரிஞ்சு படுங்க, முதுகத் தேய்ப்போம்."

இடது கை அடியில் அமுங்க, சுகமாகத் தூங்கிவிட்டேன். விழித்தபோது எதிரே செல்வி. ஈரச் சேலை, காலில் செருப்பில்லை, கையில் அல்வாப் பொட்டலம்.

"ஏங்க, சுகர் அம்பத்தஞ்சுக்கு எறங்கிட்டாம்! போன்ல கவிதா அழுவுதா. மயக்கமா வருதா?"

'படுத்து அமுக்கினால் குறைத்துக் காட்டும்' என்று நர்ஸ் சொன்னது அந்த நொடியே ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வருடமாக அல்வாக் கடை இருக்கும் தெருவிலேயே நடக்க விடாதவள், தன் கையால் பிரித்து நீட்டுகிறாள்.

"லேசா... கிறக்கமாத்தான் இருக்கு," என்றேன்.

"கிறக்கமா? இவ்வளவு நேரம் கொறட்டைல்லா விட்டாவ!" என்றார் எண்ணெய்க்காரர். செல்வி காதில் வாங்கவில்லை. கால் கிலோவையும் ஊட்டிவிட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தையே பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயை மூடவில்லை.

அரை மணி நேரத்தில் கோடு மலையேறிவிட்டது.

இரண்டு நாள் கழித்து டாக்டர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். "இந்தப் பள்ளம் நிஜமில்ல. கைமேல படுத்திருக்கீங்க. நர்ஸ் சொல்லலியா?"

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"தெரிஞ்சேதான் தின்னியளா?" என்றவள் டாக்டரிடம் சொன்னாள்: "நீங்க ஊசியையே எழுதுங்க."

டாக்டர் இரக்கப்பட்டு இன்னொரு பதினான்கு நாள் கொடுத்தார். ஊசியிலிருந்து தப்பிவிட்டேன். ஆனால் இன்றைக்கும் எந்தக் கல்யாணப் பந்தியிலும் ஜாங்கிரி வாளி என்னை நெருங்கினால், செல்வி என் இடது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறாள்.

"இருங்க, மொதல்ல அமுக்கிவிடுதேன். எறங்குன பொறவு சாப்பிடலாம்."

பந்தியே சிரித்து முடிப்பதற்குள் வாளி அடுத்த இலைக்குப் போய்விடுகிறது.