மூணு தடவை கூப்பிடுவார் வாய்தா

கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனைக் கண்டா சந்துல புகுந்து ஓடுவான். இது உலக வழக்கம். கொடுத்தவங்க அத்தனை பேரையும் வீட்டு வாசல்ல நிக்க வெச்சு, ஒவ்வொருத்தர் பேரையும் மூணு தடவை கூவி, "அடுத்த மாசம் வா"னு அனுப்பி வெச்ச ஒரே மனுஷன், எனக்குத் தெரிஞ்சு இந்தப் பூமியிலேயே எங்க வாய்தா மட்டும்தான். வந்தவங்களும் "சரிங்க"ன்னு போனாங்க பாருங்க, அதுதான் அதிசயம்.

எழுபதுகள்ல நான் திருவண்ணாமலை தாலுக்கா ஆபீஸ்ல சின்ன குமாஸ்தா. பே கோபுரத் தெருவுலேர்ந்து பிரியற ஒரு சந்துல ஆறு குடித்தனம் இருந்த லைன் வீட்டுல கடைசி ரூம் எனக்கு. பக்கத்து வீடு அவருக்கு. முன்சீப் கோர்ட்டுல அவர் டவாலி. மார்புல குறுக்கே சிவப்புப் பட்டை, அதுல பித்தளை வில்லை. ஜட்ஜ் வந்து உக்காந்ததும் வராந்தாவுல நின்னு வாதி, பிரதிவாதி பேரை மூணு தடவை கூப்பிடணும், அதுதான் உத்தியோகம். குரல்னா அப்படி ஒரு குரல். அவர் கூப்பிட்டா, கேஸே இல்லாதவன்கூட பயந்துபோய் "ஆஜர்"னு சொல்லிடுவான்.

பொண்டாட்டி சரோஜா ஆறு மாசம் படுத்த படுக்கையா கிடந்து போய்ச் சேர்ந்துட்டாங்க. மிச்சம் இருந்தது பத்து வயசு செல்வி, ஆறு வயசு பாபு, அப்புறம் ஊர் பூரா கடன். மருந்துக் கடைக்குப் பாக்கி, மளிகைக்குப் பாக்கி, பாலுக்குப் பாக்கி, வீட்டு வாடகை பாக்கி. சம்பளமோ இருநூத்திச் சொச்சம். "ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கோய்யா, சோறாவது பொங்கிப் போடுவா"னு சொன்னவங்ககிட்ட, "அந்த மனு அப்பவே தள்ளுபடி ஆயிடுச்சுங்க"ன்னு முடிச்சுட்டார்.

அப்புறம் கடனை எப்படிச் சமாளிக்கிறது? மனுஷனுக்குத் தெரிஞ்சது ஒரே வித்தைதான். கோர்ட்டையே வீட்டுக்குக் கொண்டாந்துட்டார்.

மாசா மாசம் ரெண்டாந் தேதி சாயங்காலம் வாசல்ல ஒரு முக்காலி போடுவார். பட்டையை மாட்டிக்கிட்டுத்தான் உக்காருவார். எதிர்ல பால்கார முனியம்மா, மளிகைக்காரர், மருந்துக் கடைக் கணக்குப் பிள்ளை எல்லாரும் நிப்பாங்க. மத்த அஞ்சு குடித்தனமும் வேலையை விட்டுட்டு வேடிக்கை பார்க்கும். நானும்தான்.

"முனியம்மா... முனியம்மா... முனியம்மா!"

"எதிர்லயேதான நிக்கறேன், எதுக்குய்யா இந்தக் கத்து கத்தற?"

"ஆஜர்னு சொல்லணும்."

"சரி, ஆஜரு. துட்டக் குடு."

"பாக்கி பதினெட்டு. இன்னிக்கு அஞ்சு. மீதிக்கு அடுத்த மாசம் ரெண்டாந் தேதி வாய்தா."

சொல்லிட்டு ஒரு துண்டுச் சீட்டுல தாவா நம்பர், தேதி எல்லாம் எழுதிக் கையில கொடுப்பார். வாய்தாங்கற பேர் வந்தது இப்படித்தான். அவரோட சொந்தப் பேர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு தடவை முனியம்மாவோட எருமை கயித்தை அத்துக்கிட்டுத் தெருவுல ஓடிடுச்சு. அவங்க பின்னாடியே ஓடினாங்க. அந்த நேரம் பார்த்து இவர் மூணு தடவை கூப்பிட்டுட்டு, "வாதி ஆஜராகலை, தாவா தள்ளுபடி"னு சீட்டைக் கிழிச்சுட்டார். வாதி வரலைன்னா கேஸ் போச்சு, அதுதான் சட்டமாம். மூச்சு வாங்கத் திரும்பி வந்த முனியம்மா கேட்டாங்களே ஒரு கேள்வி:

"இன்னாய்யா தள்ளுபடி? என் எருமை குடுத்த பாலு தள்ளுபடியா? இந்தா, வாங்கிக்க படி!"

பால் அளக்கற படி தலைக்கு மேல போனதைப் பார்த்ததும், "மறு விசாரணைக்கு எடுத்துக்கினேன்"னு சொல்லிட்டு முக்காலியோட பின்னாடி நகர்ந்தார். அன்னிக்கு அஞ்சுக்குப் பதிலா ஏழு ரூபா வசூல் பண்ணிட்டுத்தான் முனியம்மா போனாங்க.

சிரிக்காதீங்க. அவங்க எல்லாரும் பொறுத்துப் போனதுக்குக் காரணம் இருந்தது. சீட்டுல எழுதின தேதியில எழுதின காசு வந்துடும். ரெண்டு ரூபான்னா ரெண்டு ரூபா. ஓடி ஒளியற வேலையே கிடையாது.

வீட்டுக்குள்ளயும் அதே சட்டம்தான். பசங்களுக்கு எது வேணும்னாலும் மனு போடணும். தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம்தான் மனு பேப்பர். மனுக் கட்டணம், தெருக் குழாய்லேர்ந்து ஒரு குடம் தண்ணி. பாபு சின்னப் பையன், அவனுக்கு ஒரு செம்பு. "மனுதாரர் பம்பரம் வேண்டி"னு அவன் எழுதின மனுவுல, "எதிர்மனுதாரரிடம் நிதி கம்மி. தை மாதத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது"னு சிவப்பு இங்க்குல உத்தரவு போட்டிருந்தார். நான் என் கண்ணால பார்த்தேன். தை பொறந்ததும் பம்பரம் வந்தது, அதையும் பார்த்தேன். சாப்பாட்டுக்கும் மூணு கூப்பாடுதான். மூணாவதுக்கும் வரலைன்னா தோசை எக்ஸ்பார்ட்டி ஆகி அடுத்தவன் தட்டுக்குப் போயிடும்.

எல்லாம் சரி, எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் அரிச்சுக்கிட்டே இருந்தது. ஒண்ணாந் தேதி சம்பளம் வாங்கினதும் மனுஷன் நேரா வீட்டுக்கு வரமாட்டார். தேரடித் தெருப் பக்கம் போவார். அரை மணி கழிச்சு வருவார். எங்கேன்னு கேட்டா, "அது இன்-கேமரா தம்பி"ன்னுடுவார். கதவைச் சாத்திட்டு நடத்தற விசாரணையாம். எனக்கு மண்டை வெடிச்சிடும்போல இருந்தது. குடியா? சீட்டாட்டமா? இல்லை, தள்ளுபடி ஆன அந்த மனுவைத் தூசி தட்டி எடுத்துட்டாரா?

ஒரு ஒண்ணாந் தேதி ஆபீஸுக்கு வயித்து வலின்னு சொல்லிட்டுப் பின்னாடியே போனேன். சேட்டோட அடகுக் கடைக்குள்ள நுழைஞ்சார். முக்காலி இல்லை, பட்டை இல்லை, கூப்பாடு இல்லை. பணத்தை நீட்டினார், சேட்டு குறிச்சுக்கிட்டார், இவர் கும்பிட்டுட்டு வெளிய வந்தார். ஊரையே வாய்தாவுல விட்ட மனுஷன், சேட்டுக்கு மட்டும் வாய்தாவே சொல்லலை. வெளிய வந்தவர் நேரா என் மூஞ்சியில முழிச்சார்.

"வயித்து வலியா தம்பி?"

மாட்டிக்கிட்டேன். ஆனா திட்டலை. நடந்துக்கிட்டே சொன்னார். சரோஜா அக்காவுக்குப் பொறந்த வீட்டுல போட்டது ஒரு ஜோடி ஏழு கல் தோடு. வேலூர் ஆஸ்பத்திரியில இருக்கும்போது அவங்களே காதுலேர்ந்து கழட்டிக் கொடுத்திருக்காங்க. "வெச்சு செலவு பண்ணுங்க. ஆனா மூழ்க விட்டுடாதீங்க, செல்வி காதுக்குப் போகணும்"னாங்களாம். அறுநூறு ரூபாவுக்கு வெச்சது. "மத்தவங்க எல்லாம் எனக்குக் குடுத்தவங்க தம்பி, பொறுத்துக்குவாங்க. இதுல வாதி சரோஜா. அவகிட்ட எப்படி வாய்தா கேக்கறது?"

அடகுச் சீட்டுக்கு ஆயுசு ஒரு வருஷம், மேல ஏழு நாள். ரெண்டு வருஷம் வட்டி கட்டி மாத்தி மாத்தி எழுதி ஓட்டிட்டார். மூணாவது வருஷம் சேட்டு, "இனிமே மாத்தி எழுத முடியாதுங்க. மீட்டுக்கோங்க, இல்லன்னா ஏலத்துக்குப் போயிடும்"னு சொல்லிட்டார். அந்த வருஷம் அவர் வீட்டுல நடந்த சிக்கனம் இருக்கே, ஐயோ சாமி! மோர் நின்னது. வெத்தலை நின்னது. தீக்குச்சி மிச்சம் பண்ண முனியம்மா வீட்டு அடுப்புலேர்ந்து நெருப்பு வாங்கினார். காசெல்லாம் ஒரு பவுடர் டப்பாவுக்குள்ள போச்சு.

சீட்டுக்குக் கடைசி நாள் எப்ப வந்தது தெரியுமா? கார்த்திகை தீபத்தன்னிக்கு. எங்க ஊருல அன்னிக்குக் கால் வைக்க இடம் இருக்காது. காலையில டப்பாவைக் கவுத்து எண்ணினார். எழுபத்தஞ்சு ரூபா கம்மி. நான் டிரான்சிஸ்டர் வாங்க வெச்சிருந்த எழுபத்தஞ்சைக் கொண்டாந்து கொடுத்தேன். வாங்கி எண்ணினார். அப்புறம், "இதுக்குத் தாவா நம்பர் போட்டுடறேன்"னு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"சீட்டெல்லாம் இருக்கட்டும்ணே. முதல்ல போய் மீட்டுக்கிட்டு வாங்க."

"இன்னிக்கா? இன்னிக்குக் கோர்ட் லீவு தம்பி."

"கோர்ட்டுக்கும் சேட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"கடைசி நாள் லீவுல வந்தா, தெறக்கற நாள் வரைக்கும் செல்லும். இருபது வருஷமா கோர்ட்டுல நிக்கறேன், எனக்குத் தெரியாதா? நாளைக்குப் பத்து மணிக்கு, கோர்ட்டு தெறக்கற நேரத்துக்கு, மரியாதையா போய் மீட்பேன்."

செல்வி குறுக்கே வந்தா. அவளுக்கு அப்ப பதிமூணு வயசு. "அப்பா, சேட்டு கடை தெறந்துதான்ப்பா கீது. நான் பார்த்தேன்."

"ஆட்சேபணை இருந்தா மனு போடு."

செல்வி அவரை ஒரு முறை முறைச்சா. குடத்தை எடுத்து இடுப்புல வெச்சுக்கிட்டு வெளிய போனா. தண்ணி புடிக்கப் போறான்னு நெனச்சு விட்டுட்டோம். சாயங்காலம் மலை மேல தீபம் ஏறினதும், வாய்தா கன்னத்துல போட்டுக்கிட்டு, "நாளைக்கு உங்கம்மா தோடு வருது"ன்னார். செல்வி வாசல் அகலுக்கு எண்ணெய் ஊத்தப் போயிட்டா.

மறுநாள் பத்து மணி. பட்டை, வில்லை எல்லாம் மாட்டிக்கிட்டுக் கிளம்பினார். துணைக்கு நான். சேட்டுக்கு அந்தக் கடை பாட்டன் காலத்துக் கடை, நம்மளவிட சுத்தமா தமிழ் பேசுவார். சீட்டைப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"இது நேத்தே முடிஞ்சு போச்சுங்களே."

"நேத்து லீவுங்க."

"கோர்ட்டுக்கு லீவு. எனக்கு ஏதுங்க லீவு? நேத்து ராத்திரி வரைக்கும் கடை தெறந்திருந்தது. ஏலத்துக்குப் போற நகையெல்லாம் காலைல ஏழு மணிக்கே எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

வாய்தாவோட வாய் தெறந்தது, சத்தம் வரலை. அந்த மாதிரி தொண்டையிலேர்ந்து சத்தம் வராததை நான் அன்னிக்குத்தான் பார்த்தேன். "சரோஜா கிட்ட என்ன சொல்லுவேன்"னு முணுமுணுத்தார். சட்டம் பேசின மனுஷன் கடைப் படியிலேயே சரிஞ்சு உக்காந்துட்டார்.

"முழுக்கக் கேளுங்க"ன்னார் சேட்டு. "எல்லாம் போச்சு, ஒண்ணைத் தவிர." மேஜை டிராயரைத் தெறந்து ஒரு காலண்டர் தாளை எடுத்துக் கொடுத்தார். பின்பக்கம் குண்டு குண்டா எழுத்து:

"கனம் சேட்டு அவர்கள் சமூகத்துக்கு. மனுதாரர் செல்வி, ஏழாம் வகுப்பு. எதிர்மனுதாரர் என் அப்பா. அப்பாவிடம் பணம் இருக்கிறது. ஆனால் இன்று லீவு என்று வர மறுக்கிரார். அம்மா தோட்டை ஏலத்துக்கு அனுப்பாமல் ஒரு நாள் வாய்தா தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மனுக் கட்டனம் இரண்டு குடம் தண்ணீர் இத்துடன்."

"தீபத்துக் கூட்டத்துல, அத்தனை ஜனத்தையும் இடிச்சுக்கிட்டு, ரெண்டு நடை தண்ணி சுமந்துக்கிட்டு வந்து இங்க வெச்சுதுங்க அந்தப் பொண்ணு. எனக்கு எதுக்கும்மா தண்ணின்னு கேட்டா, கட்டணம் கட்டலைன்னா மனு செல்லாதுங்குது. நான் என்னங்க பண்றது?" தாளோட அடியில சேட்டு கையெழுத்து இருந்தது. "ஒரு நாள் வாய்தா அனுமதிக்கப்படுகிறது."

வாய்தா அதை ரெண்டு தடவை படிச்சார். "எழுத்துப் பிழை ரெண்டு இருக்குது"ன்னார். அப்புறம் அந்தச் சிவப்புப் பட்டையாலேயே கண்ணைத் தொடைச்சுக்கிட்டார். அடுத்த வாரம் அவர் வீட்டுக் கோர்ட்டுல மனுக் கட்டணம் அடியோட ரத்தாச்சு.

என் எழுபத்தஞ்சு மட்டும் நடந்துக்கிட்டே இருந்தது. அஞ்சு வரும், ரெண்டு வரும், நடுவுல பாபுவுக்குக் காய்ச்சல்னா வாய்தா வரும். எனக்கு விழுப்புரத்துக்கு மாத்தல் ஆச்சு. அங்கயும் ரெண்டாந் தேதி தவறாம போஸ்ட் கார்டு வந்தது. நாப்பது ரூபா பாக்கியோட வருஷங்கள் ஓடிடுச்சு. எண்பதுகள் நடுவுல செல்வி கல்யாணப் பத்திரிகை வந்தது, ஓரத்துல தாவா நம்பரோட.

பொண்ணு காதுல ஏழு கல் மின்னுச்சு. பார்த்துட்டுப் பந்தியில வந்து உக்காந்தேன். இலையில ஜிலேபி விழுந்த நேரம், பட்டு வேட்டி மேல பழைய சிவப்புப் பட்டையை மாட்டிக்கிட்டு வாய்தா வந்து நின்னார். கையில நாப்பது ரூபா. அது சீர் செஞ்சு, சாப்பாடு போட்டு, கடைசியா மிஞ்சின காசுன்னு அவர் முகத்துலயே தெரிஞ்சது. "வேண்டாம்ணே"ன்னு சொன்னா வாங்குவாரா? கோர்ட்டையே கூட்டிடுவார்.

என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் அவருக்கு ரெண்டடி எதிர்ல, ஜிலேபியைப் புட்டு வாயில போட்டேன்.

ரெண்டாவது தடவை கூப்பிட்டார். நான் அப்பளத்தை நொறுக்கினேன்.

அவருக்குப் புரிஞ்சு போச்சு. அப்புறம் நெஞ்சை நிமித்தி, முப்பது வருஷத்துக் குரலெல்லாம் சேர்த்து மூணாவது தடவை கூப்பிட்டார். நான் குனிஞ்ச தலை நிமிரலை.

"வாதி ஆஜராகலை. தாவா தள்ளுபடி."

குனிஞ்சு என் இலையில இன்னொரு ஜிலேபியை வெச்சார். "மூணு தடவை கூப்பிட்டேன் தம்பி"ன்னார், மெதுவா.

"காதுலயே விழலைங்கண்ணே"ன்னேன்.