மொட்டை மாடி ராக்கெட் பற்றிச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாவும் முழங்கால் வலியோ மூச்சிரைப்போ இல்லாமல் படியேறி இறங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அவ்விதமே ஏறி இறங்குகிறேன். நான் படியேறுவதைப் பற்றித்தான் தங்களுக்கு வேறுவிதமாகச் செய்தி வந்திருக்கும்.

கடல் தாண்டி இருக்கும் என் மகன், அதாவது தங்கள் மாப்பிள்ளை, தங்களுக்குப் போன் போட்டு, "ஒரு எட்டு போய் அப்பாவைப் பார்த்துட்டு வாங்க மாமா, புத்தி கித்தி பிசகிடுச்சோன்னு பயமா இருக்கு" என்று சொன்னானாம். மருமகள் வாய் தவறி என்னிடம் உளறிவிட்டாள். பாவம், அவளைத் திட்டாதீர்கள். ஆறு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்து என் புத்தியைப் பார்வையிடும் சிரமம் தங்களுக்கு வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு, ஆள் தெளிவாகத்தான் இருக்கிறார் என்று அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

நான் முப்பத்து நாலு வருஷம் துணிக் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்தது தாங்கள் அறிந்ததே. ஓய்வு பெற்றபோது ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறைய ஸ்பேர் பார்ட்ஸோடு வீட்டுக்கு வந்தேன். மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் போன் செய்வான். "சாப்பிட்டீங்களாப்பா?" என்பான், சாப்பிட்டேன் என்பேன். "மாத்திரை போட்டீங்களா?" என்பான், போட்டேன் என்பேன். "வேற என்னப்பா விசேஷம்?" என்பான். ஒண்ணுமில்லப்பா என்பேன், அதோடு போன் வைக்கப்படும். ஒரு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன், ஒன்றே முக்கால் நிமிஷம். ஒரு வாரம் சமையலறைக் குழாய் ஒழுகியதைச் சொன்னேன், மூன்று நிமிஷத்துக்கு மேல் ஓடியது. அடுத்த வாரம் ஒழுகுவதற்கு வீட்டில் வேறு குழாய் இல்லை.

இந்த நிலைமையில்தான் பல் டாக்டரிடம் போனேன். அங்கே காத்திருக்கும் அறையில் கிடந்த பழைய பத்திரிகை ஒன்றில் தண்ணீர் ராக்கெட் செய்வது எப்படி என்று ஒரு பக்கம் இருந்தது. சோடா பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், வாயில் ஒரு ரப்பர் தக்கை, தக்கை வழியாக சைக்கிள் பம்பில் காற்று, அவ்வளவுதான். காற்று தண்ணீரைக் கீழே தள்ளும், தண்ணீர் பாட்டிலை மேலே தள்ளும். மகனுக்குச் சொல்ல ஒரு விசேஷம் வேண்டும், அது தானாக வருவதாகத் தெரியவில்லை, நாமே செய்துகொள்வோம் என்று தோன்றியது. இதில் புத்தி பிசகியது எங்கே என்று தாங்களே சொல்லுங்கள்.

பழைய பைலின் அட்டையை வெட்டி மூன்று இறக்கைகள் செய்தேன். பாதி ரப்பர் பந்தை மூக்காக ஒட்டி, அதற்குள் கனத்துக்கு, மெஷினில் நூல் சுற்றும் பாபின்கள் நாலைப் போட்டேன். மகன் விட்டுச் சென்ற மழைக்கோட்டின் முதுகுப் பகுதி பாராசூட் ஆயிற்று (இதை அவனிடம் சொல்ல வேண்டாம்). வீட்டிலிருந்த கால் தையல் மெஷினின் ஸ்டாண்டைக் கழற்றி மொட்டை மாடிக்கு ஏற்றி, அதன் மிதியோடு ஒரு கொக்கியை இணைத்தேன். மிதித்தால் கொக்கி விடும், ராக்கெட் கிளம்பும். முதல் நாள், பம்பைப் பன்னிரண்டாவது தடவை அடிக்கும்போதே தக்கை பிடுங்கிக்கொண்டு மொத்தத் தண்ணீரும் என் மேல் கொட்டியது. இரண்டாம் நாள் ராக்கெட் மேலே போகாமல் தரையோடு தரையாகப் புறப்பட்டுத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி என்னைத் துரத்தியது, கம்பெனியில் மேனேஜர்கூட என்னை அப்படித் துரத்தியதில்லை. ஒரு இறக்கையைக் கோணலாக ஒட்டியிருந்தேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து ஒன்பது எட்டு என்று நானே உரக்கச் சொல்லி, நானே மிதித்தேன். சம்பந்தி, அது போனது பாருங்கள்! உஸ்ஸென்று ஒரு சத்தம், கழுத்தை நிமிர்த்துவதற்குள் எதிர்க் கட்டடத்தையும் தாண்டி வெயிலில் ஒரு புள்ளியாக நின்றது. "பார்த்தியா!" என்று திரும்பிக் கையை நீட்டிவிட்டேன். பின்னால் துணி காயும் கொடிதான் இருந்தது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டேன்.

இதற்குள் பாராசூட் விரிந்து, காற்று அதை எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. பத்தொன்பது வருஷமாக என் ஜன்னலுக்கு நேரே இருக்கும் கட்டடம்தான், ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. கீழ் வீட்டு மணியை அடித்தேன். ஒரு கன்னம் நிறைய சோப்பு நுரையோடு ஒருவர் கதவைத் திறந்தார். "என் ராக்கெட் உங்க மாடியில விழுந்துடுச்சு" என்றேன். "நாங்க எதுவும் வாங்குறதில்ல" என்று சாத்திவிட்டார். அடுத்த மாடியில் ஒரு அம்மா சங்கிலியை எடுக்காமல், "எந்த கம்பெனிலேருந்து?" என்றார். "சொந்தமா பண்ணது" என்றேன். அங்கேயும் கதவு சாத்தப்பட்டது. மூன்றாம் மாடியில் மாடிச் சாவி வைத்திருப்பவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா, அவரும் தனியாகத்தான் இருக்கிறார். ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினார். ராக்கெட்டைக் கையில் வாங்கி, பழக்க தோஷம், வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூக்குல கனம் பத்தலைங்க" என்றார். ஒரு தம்ளர் காப்பியும் கொடுத்தார்.

வீடு திரும்பியதும் வந்த போனில் மகனிடம் சொன்னேன். "மொட்டை மாடிக்கா ஏறினீங்க? உங்களுக்கு எத்தனை வயசாகுது?" என்று ஆரம்பித்துப் பதினோரு நிமிஷம் திட்டினான். அவ்வளவு நேரத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை.

இனி எழுதப்போவது தங்களுக்கு மட்டும். அடுத்த ஞாயிறு ஸ்டாண்டை எதிர்க் கட்டடத்தின் பக்கம் இரண்டு விரற்கடை சாய்த்து வைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. கனம் சரியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாமா? பிறகு இடது பக்கம் சாய்த்தேன், அங்கே கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் தன் தம்பியோடு ஏழு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாததை அரை மணி நேரம் சொன்னார். பாட்டில் விழுந்ததென்று மணியடித்தால் யாரும் ஏன் வந்தாய் என்று கேட்பதில்லை. சும்மா அடித்தால் கேட்பார்கள்.

ஐந்தாவது ஞாயிறு காற்று திசை மாறி, ராக்கெட் எங்கள் கட்டடத்துச் செகரட்டரியின் புதுக் கார் மேல் இறங்கியது. காருக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அந்தக் கார் நாற்பது நிமிஷம் அலறியது, தெருவே வெளியே வந்துவிட்டது. செகரட்டரி என் மகனுக்கே போன் போட்டுவிட்டார். "இக்கட்டடத்தின் மாடியிலிருந்து இனி எந்தப் பொருளையும் வானத்தை நோக்கி அனுப்ப மாட்டேன்" என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அன்றே ஸ்டாண்டைப் பிரித்துக் கட்டிலுக்கு அடியில் போட்டாயிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பேப்பர் படிக்கிறேன். நிம்மதியாக இருக்கிறேன், எனக்கு யார் துணையும் தேவைப்படவில்லை, புத்தி நிதானமாக வேலை செய்கிறது. ஆகவே தாங்கள் வர வேண்டியதில்லை.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். கடல் தாண்டி இருக்கும் நம் குழந்தைகள் அங்கே குளிர் தாங்கிச் சுகமாக இருக்க என் ஆசிகள். தங்களுக்கு நூறு வயதும் அதற்கேற்ற முழங்காலும் அமையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, செருப்பை மாட்டும்போது மணி அடித்தது. எக்ஸ்ரே அம்மா. மூன்று மாடி இறங்கி, ரோட்டைக் கடந்து, இங்கே மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க நிற்கிறார். "நாலு ஞாயித்துக்கிழமையா ஒண்ணும் வந்து விழலியே, உடம்புக்கு ஏதாவதோன்னு பார்க்க வந்தேன்" என்றார். என் வீட்டில் இன்னொரு ஆள் வந்து உட்கார்ந்து ரொம்ப நாளாயிற்று, நாற்காலி மேல் கிடந்த துணியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசிவரை கையிலேயே வைத்துக்கொண்டு பேசினேன். பஸ் டிப்போவுக்குப் பின்னால் காலி மைதானம் இருக்கிறதாம், அங்கே எந்தச் செகரட்டரியும் இல்லையாம். அவர் போனதும் உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதைத் தயவுசெய்து நம்ப வேண்டாம். எனக்குப் புத்தி பிசகிவிட்டதாகவே மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். பத்து நாளாவது கூடவே தங்கிப் பார்த்தால்தான் எவ்வளவு பிசகியிருக்கிறது என்று தெரியும் என்றும் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் வந்துவிட்டால் நல்லது. ஒருவர் பம்பு அடிக்க வேண்டும், ஒருவர் மிதியில் கால் வைத்துத் தயாராக நிற்க வேண்டும். இத்தனை நாளும் நானே அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தேன். அது இரண்டு ஆள் வேலை.