சார்ந்தோர் பட்டியலில் என் பெயரா?

அன்புள்ள மூத்த மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நான்கு நாளாகக் காப்பீட்டுப் படிவங்களோடு மல்லுக்கட்டியதில், 'நலம்' என்று எழுதினால் அதற்கும் டாக்டர் சான்று கேட்பார்களோ என்று கை தயங்குகிறது. ஆகவே, இருக்கிறோம்.

"மூணு திட்டம் இருக்குப்பா, நிதானமா படிச்சுப் பாத்து ஒண்ணுல சேருங்க, முப்பதாம் தேதி கடைசி" என்று போனில் சொன்னாய். படித்தேன். முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக ஓடுகிற பஸ்ஸில் நின்றே பழகியவனுக்கு உட்கார்ந்து படித்தால் கண் சொக்குகிறது என்று சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே படித்தேன். முதல் திட்டம், வயதானவர்களுக்கு அரசாங்கம் சும்மா தருவது. ஆஸ்பத்திரியில் படுத்தால் உண்டு. ஆனால் உன் அம்மாவின் முட்டிக்குச் சொன்னார்களே, மூட்டு மாற்றும் ஆபரேஷன், அது அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டாவது, மாதச் சந்தா கட்டிச் சேருவது. அதில் முட்டி உண்டு, கண் உண்டு, மாத்திரையும் உண்டு. மூன்றாவது, அரசாங்க வேலையில் இருக்கிற நீ, உன் திட்டத்தில் எங்களையும் சேர்த்துக்கொள்வது. நீ அனுப்பிய அந்தப் படிவத்தில் எங்கள் பெயரை எழுதவேண்டிய கட்டத்துக்கு மேலே 'சார்ந்தோர்' என்று போட்டிருந்தது. மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். கோபமெல்லாம் இல்லையம்மா. டிக்கெட் வாங்காமல் ஏறியவனை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி ஒரு கூச்சம்.

ஆகவே இரண்டாவதுதான் என்று முடிவு செய்தேன். அதில் ஒரே ஒரு சந்தேகம். 'ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் 24' என்று இருந்தது. நகல் எடுத்தவர் ஓரத்தை வெட்டிவிட்டதால் அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இருபத்து நான்கு நிமிஷம் என்றேன் நான். "அரசாங்க ஆபீஸ்ல இருபத்திநாலு நிமிஷமா? மணி நேரமா இருக்கும்ங்க. நாம தயாரா போவோம்" என்றாள் உன் அம்மா. அவள் சொன்னது எனக்கும் நியாயமாகப் பட்டது. இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு போர்வை, இரண்டு தலையணை, என் பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு, பெரியாஸ்பத்திரி வளாகத்துக்குள் இருக்கிற காப்பீட்டு ஆபீஸில் காலை ஒன்பது மணிக்கே போய் இறங்கினோம். வாசலில் நின்ற காவலாளி எங்கள் மூட்டையைப் பார்த்துவிட்டு, "பேஷண்ட் யாருங்க? வார்டு அடுத்த கட்டடம்" என்றார்.

உள்ளே நீளமான இரும்பு பெஞ்சு. காற்றாடி சுற்றும், காற்று வராது. ஆனால் ஒன்று சொல்கிறேன், நானும் உன் அம்மாவும் அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பல வருஷம் ஆகிறது. "டெப்போ ஞாபகம் வருதுங்க" என்றாள். எனக்கும் அதே ஞாபகம்தான். எங்கள் டெப்போவில் மருந்தறை ஒன்று இருந்தது, டயர் அடுக்கி வைத்த கொட்டகைக்குப் பின்னால். அங்கே ஒரு கம்பவுண்டர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஒத்தக்கேள்வி. யார் போனாலும், எது வலித்தாலும், தலையை நிமிர்த்தாமல் ஒன்றே ஒன்று கேட்பார்: "டூட்டிக்குப் போகணுமா, லீவு வேணுமா?" டூட்டி என்றால் வெள்ளை மாத்திரை, லீவு என்றால் சீட்டு. அன்றைக்கு எங்களுக்கு இருந்த திட்டங்கள் அந்த இரண்டுதான். கண்ணாடி இல்லாமலே புரிந்தது.

நீ பிறந்த பதினோராம் நாள் என் மருந்து அட்டையில் உன்னைச் சேர்க்கப் போனேன். பெயர் என்ன என்றார். இன்னும் வைக்கவில்லை என்றேன். சார்ந்தோர் என்ற இடத்தில் 'பெண் குழந்தை' என்று எழுதிக்கொண்டார். அதை மாற்ற எனக்கும் நேரமில்லை, அவருக்கும் மனமில்லை. நாலு வயசு வரைக்கும் நீ அங்கே பெண் குழந்தைதான். அவர் உள்ளேயிருந்து "பெண் குழந்தை!" என்று கூப்பிட்டதும், மூக்கு ஒழுக, காய்ச்சலோடு, கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பாய். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். உன் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் எங்கள் எண்ணைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. கவுண்டர் பெண்ணே எழுந்து வந்துவிட்டாள்.

"ஐயா, தலகாணி எதுக்கு?"

"காத்திருக்கத்தாம்மா. இருபத்திநாலு மணி நேரம்னு போட்டிருக்கே."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்காகவே அவள் நன்றாக இருக்க வேண்டும். "அது மாசம்ங்க ஐயா. இப்பச் சேர்ந்தீங்கன்னா அம்மா முட்டிக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் பணம் தருவாங்க" என்றாள்.

"ரெண்டு வருஷம்தானே? இவர் பஸ்ஸு வரும் வரும்னு சாப்பாட்ட வச்சுக்கிட்டு முப்பது வருஷம் உக்காந்திருந்தவ நானு" என்றாள் உன் அம்மா.

"பிள்ளைங்க யாராவது அரசாங்க வேலையில இருக்காங்களா? சார்ந்தோரா சேர்ந்தா காத்திருப்பே கிடையாது. அடுத்த மாசமே ஆபரேஷன் பண்ணலாம்."

நான் நெஞ்சை நிமிர்த்தி, "நாங்க யாரையும் சார்ந்தவங்க இல்லம்மா" என்றேன். நிமிர்த்திய வேகத்தில் தலையணை இரண்டும் கீழே விழுந்தன. அந்தப் பெண்தான் பொறுக்கிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறினோம். உன் அம்மா ஒவ்வொரு படியிலும் நின்று புடவைத் தலைப்பால் கைப்பிடியைத் துடைத்தாள். "ஒரே தூசிங்க" என்றாள். ஆறு மாதமாகத் துடைக்கிறாள். எங்கள் கட்டடத்தில் எங்கள் மாடி வரைக்கும்தான் கைப்பிடி பளபளக்கிறது; அதற்கு மேலே துரு. சுத்தக்காரி என்று நானும் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருந்தாலும் நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். இரண்டாவது திட்டத்திலேயே சேருகிறோம். இரண்டு வருஷம் என்ன, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். உன் படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இது என் உறுதியான முடிவு, இதைப் பற்றிப் போனில் பேசவேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு முத்தம். உனக்கு எங்கள் இருவர் ஆசியும் குறைவில்லாமல்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: கடிதத்தை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முடித்ததும், "சரிங்க. ரெண்டு வருஷம் நான் கீழ எறங்காம இருந்துக்கறேன், அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். என்னை ஒரு சொல் திட்டியிருந்தால்கூட இந்தக் கடிதம் பிழைத்திருக்கும். மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். நீ அனுப்பிய சார்ந்தோர் படிவத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். தேதி நெருங்கிவிட்டது, தபாலை நம்ப முடியாது. நாளைக் காலை நாங்களே கொண்டுவருகிறோம். தபால்தலை ஒட்டியாகிவிட்டது, வீணாக்க மனமில்லை, அதனால் இதையும் போட்டுவிடுகிறேன். இது வந்து சேரும்போது நான் உன் வீட்டு நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். பிரிக்காமல் என் கையில் கொடுத்துவிடு.