கையில் வாங்காத கடதாசி

இலங்கைத் தீவின் நாகரிகம் எந்த நாளில் உச்சத்தை அடைந்தது என்று வருங்காலச் சரித்திர ஆசிரியர்கள் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1933ஆம் ஆண்டு ஜூன் மாதம் மூன்றாந் தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, கண்டியில் அது உச்சத்தை அடைந்தது. நான் பக்கத்தில் குடையோடு நின்று பார்த்தேன்.

அன்று சக்கரவர்த்தியின் பிறந்தநாள். கந்தோர்கள், அதாவது அரசாங்க அலுவலகங்கள், எல்லாம் பூட்டு. ஓர் அரசர் பிறந்ததற்காகக் கிடைத்த விடுமுறையில், இன்னோர் அரசர் விட்டுப்போன மாளிகையைப் பார்க்கப் போவதைவிட உயர்ந்த ராஜவிசுவாசம் இருக்க முடியுமா? கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து எங்களைப் பரிசோதிக்க வந்திருந்த திரு. அருளம்பலம் பழமையில் பற்று மிக்கவர். அவருக்காக எங்கள் பெரிய கிளாக்கர் திரு. நவரட்ணராஜா ஒரு 'தனிப்பட்ட, வழிகாட்டியுடன் கூடிய, ஒருநாள் ரசனைப் பயணம்' ஏற்பாடு செய்தார். நிகழ்ச்சிநிரல் மூன்று பிரதிகளில் தட்டச்சு செய்யப்பட்டது. ஒன்று விருந்தினருக்கு, ஒன்று பெரிய கிளாக்கருக்கு, ஒன்று கந்தோர்க் கோவையில் கோத்து வைக்க. மூன்றாந்தரக் கிளாக்கராகிய எனக்குப் பிரதி இல்லை. 'பயணக் குறிப்பாளர்' என்ற பதவியும் ஒரு குடையும் கிடைத்தன. என்னுடைய உத்தியோக உயர்வு திரு. அருளம்பலத்தின் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே பழமையில் எனக்கும் பற்று உண்டாகிவிட்டது.

வழிகாட்டி லாபிர். வாடகைக்கு ஓட்டச் சொந்தமாக ஒரு ஹையரிங் கார் வைத்திருப்பவர். எந்த மொழியிலும் எழுத்து வாசிக்கத் தெரியாது. அதை ஒரு குறையாக நினைத்து அவர் தொழிலை நிறுத்தவில்லை. எந்தக் கல்லைக் காட்டினாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தயங்காமல் சொல்லிவிடுவார்.

பழைய மாளிகை வாசலில் நாங்கள் இறங்கியபோது ஒரு தோட்டத்துப் பெண் ஓடி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு கடிதத்தை விரித்துப் பிடித்திருந்தாள்.

"சாமி, இந்தக் கடுதாசிய கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. நாவலப்பிட்டியிலேருந்து வாறேன். தோட்டத்துக் கிளாக்கரய்யா லீவுல போயிட்டாரு. இங்க மரத்தடியில பெட்டிசன் எழுதுற ஐயாமாரு இருப்பாங்கன்னு வந்தா, அவுகளும் இல்ல."

"ஆர் எழுதின கடிதம்?" என்று கேட்டார் பெரிய கிளாக்கர். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் கேட்டார்.

"எம் மவ பாலம்மா, சாமி. மாத்தள பக்கம் ஒரு வெள்ளக்கார வூட்டுல ஆயா வேல. தொரசாணி எழுதியிருக்காங்க. இங்கிலீசு."

"பார்ப்பம்," என்றார் பெரிய கிளாக்கர்.

கைகளை அவர் ஏன் பின்னால் கட்டினார் என்பதை விளக்க வேண்டும். அரசாங்க சேவையின் அஸ்திவாரமே அதில்தான் இருக்கிறது. கையில் வாங்கிய கடதாசி நம்முடைய கடதாசி. அதற்கு இலக்கம் போட வேண்டும், பதில் எழுத வேண்டும், பதிலுக்குப் பதில் வந்தால் அதற்கும் பொறுப்புச் சொல்ல வேண்டும். கையில் வாங்காத கடதாசி உலகத்திலேயே இல்லை. இருபத்தெட்டு வருட சேவையில் திரு. நவரட்ணராஜா கந்தோருக்கு வெளியே ஒரு கடதாசியையும் தொட்டதில்லை. கோயில் திருவிழா நோட்டீசைக்கூட மனைவிதான் வாங்குவார்.

எனக்கோ வேறொரு வித்தை வாய்த்திருந்தது. மேலதிகாரியின் மேசையில் கிடக்கும் எந்தக் கடதாசியையும், தலைகீழாக இருந்தாலும், தொடாமல் வாசித்துவிடுவேன். நல்ல கிளாக்கர்கள் எல்லோருக்கும் இது கைவந்த கலை. அந்தப் பெண் கடிதத்தை நீட்டிய நேரத்துக்குள் முழுவதையும் வாசித்துவிட்டேன்.

'பாலம்மா எங்களோடு சீமைக்கு வருகிறாள். திரும்ப மூன்று வருடமாகும். மூன்றாந் தேதி மாத்தளையிலிருந்து வந்து, பின்னேரம் இரண்டு மணி முதல் நாலு மணி வரை கண்டி ஸ்டேஷனில் காத்திருப்போம். நாலு மணிக்குக் கொழும்பு ரயில். தாயைப் பார்க்க வேண்டும் என்று அழுதுகொண்டே இருக்கிறாள். தயவுசெய்து வரச்சொல்லவும்.' அடியில் நீல மையில் பாலம்மாவின் பெருவிரல் அடையாளம்.

அப்போது மணி ஒன்பதே கால். ஸ்டேஷன் நடை தூரம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மேலதிகாரி 'பார்ப்பம்' என்று முடிவு செய்துவிட்ட விஷயத்தில், மூன்றாந்தரக் கிளாக்கர் முந்திக்கொண்டு வாய் திறப்பது ஒழுங்கீனம். அதுவும் கொழும்பு விருந்தினரின் முன்னிலையில். தவிர, முறைப்படி பெறப்படாத கடிதத்தை வாசிப்பது வாசித்ததாகாது. ஆகவே எனக்கு ஒன்றும் தெரியாது.

லாபிருக்கும் அந்தப் பெண்ணுக்கும் கந்தோர் மொழி தெரியாது. 'பார்ப்பம்' என்றால் பார்ப்பார்கள் என்று இருவரும் நம்பிவிட்டார்கள்.

"பயப்படாதீங்கம்மா," என்றார் லாபிர். "மூணு பேரும் பெரிய படிச்ச ஆக்கள். ஒருத்தர் இல்லாட்டி ஒருத்தர் வாசிப்பாங்க. எங்களோட பொறகால வாங்க. பேரென்ன?"

"வேலாயிங்க."

மரத்தூண்கள் நிறைந்த பெரிய மண்டபத்துக்கு வந்தோம். லாபிர் தொண்டையைச் செருமினார். அவர் பேச்சில் 'இருந்தது' என்பது 'ஈந்தது', 'இருக்கிறது' என்பது 'ஈக்கி'. "தொர, இந்த எடத்துல தான் ராசா குந்தி ஈந்தது. சனங்க எல்லாம் அந்தா, அந்தத் தொங்கல் மூலையில முழங்கால் போட்டு நிக்கோணும். யாருக்கு என்ன கொறை ஈந்தாலும் ராசா காது குடுத்துக் கேப்பாரு. ஏழை, பணக்காரன் பாக்கிறல்ல."

திரு. அருளம்பலத்தின் கண்கள் கலங்கின. "கேட்டீரோ, நவரட்ணராஜா? என்ன மாதிரி ஒரு நிர்வாகம்! ஒரு ஏழை நேரை வந்து தன்ரை குறையைச் சொல்லலாம். இப்ப ஆர் கேக்கினம்?"

"ஒருத்தரும் கேக்கினமில்லை, சேர்," என்றார் பெரிய கிளாக்கர்.

வேலாயி அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் கடிதத்தோடு நின்றாள்.

"எழுதும் காணும்," என்றார் விருந்தினர் என்னைப் பார்த்து. "'பண்டைய மன்னரின் செவி ஏழைக்குத் திறந்திருந்தது.'"

எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருப்பதாக அவர் சொன்னார். என் உயர்வு ஓர் அங்குலம் நெருங்கி வந்தது.

பிறகு வாவிக் கரையில் ராணியின் குளிப்பிடத்தைப் பார்த்தோம். பகல் உணவும் அங்கேதான். நாங்கள் மூவரும் கோழிக்கறியோடு சோறு சாப்பிட்டோம். அப்பால் ஒரு மரத்தடியில் லாபிர் தன்னுடைய ரொட்டியைப் பிய்த்து வேலாயிக்குப் பாதி கொடுத்ததைக் கண்டேன். நிகழ்ச்சிநிரலில் இல்லாத காரியம் என்பதால் குறித்துக்கொள்ளவில்லை.

ஒன்றே முக்காலுக்குப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் புறப்பட வேண்டும். வேலாயியை என்ன செய்வது? லாபிர் ஒரு யோசனை சொன்னார்.

"தொர, டிபன் கரியர்ல ரசம் மிச்சம் ஈக்கி. பாதை வளைவு. அந்தம்மா முன்னுக்குக் குந்தி ஆட்டாமப் புடிச்சுக்கொண்டா ஒரு சொட்டும் சிந்தாது."

"அது நல்ல ஏற்பாடு," என்று பெரிய கிளாக்கர் ஒப்புக்கொண்டார்.

சரியாக இரண்டு மணிக்குக் கார் ஸ்டேஷன் பக்கத்தால் போனது. மாத்தளை ரயில் வந்து நின்று புகை கக்கிக்கொண்டிருந்தது. வேலாயி டிபன் கரியரை மடியில் அணைத்து, ரசம் சிந்தாதபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மறுபக்கமிருந்த மலைக்காட்சியை ரசித்தேன். மலைகள் கண்டியில் மிகவும் அழகானவை.

பூந்தோட்டத்தைப் பற்றி எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். அங்கே ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெயர்ப் பலகை உண்டு. திரு. அருளம்பலம் ஒவ்வொன்றின் முன்னும் நின்று, கண்ணாடியைத் துடைத்து, லத்தீன் பெயரை எழுத்தெழுத்தாக உரக்க வாசித்தார். நான் எழுதினேன். பெரிய கிளாக்கர், "அற்புதம், சேர்," என்றார். இப்படி முப்பத்தேழு மரங்கள். மூன்று மணிக்கு ஒருமுறை வேலாயி, "சாமி, கடுதாசி..." என்று தொடங்கினாள். "பார்ப்பம்," என்றார் பெரிய கிளாக்கர். அதற்குள் முப்பத்தெட்டாவது மரம் வந்துவிட்டது.

மூன்றரை மணிக்கு லாபிருக்குப் பொறுமை போய்விட்டது.

"தொர, கேக்கிறேன்னு கோவிக்க வேணாம். காலையிலருந்து இத்தன மரத்துட பேர வாசிச்சிட்டீங்க. அந்த மனிசிட கையில ஈக்கிறது ஒரே ஒரு துண்டு. எனக்கு எழுத்துத் தெரிஞ்சா நான் ஒங்கள்ட்டக் கேப்பேனா?"

பெரிய கிளாக்கர் கோபிக்கவில்லை. பாமரருக்குப் புரியவைப்பதும் சேவைதானே. "டிரைவர், உமக்கு விசயம் விளங்கேல்லை. மரத்தின்ரை பேரை வாசிச்சால் மரம் ஒண்டும் கேக்காது. மனிசரின்ரை கடதாசியை வாசிச்சால், பிறகு என்ன செய்யிறதெண்டு கேப்பினம். இண்டைக்கு லீவு. திங்கட்கிழமை கந்தோருக்குக் கொண்டுவரச் சொல்லும்."

இந்த வாக்கியத்தைப் பொன்னெழுத்தில் பொறித்து எல்லாக் கந்தோர்களிலும் மாட்டலாம் என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

அந்த நேரம் என் கணுக்காலில் சுருக்கென்றது. ஈரப்புல்லில் நடந்ததில் ஓர் அட்டை காலுறைக்கு மேல் ஏறி இரத்தம் குடித்துக் கொழுத்துக் கிடந்தது. நான் 'ஐயோ' என்று ஒற்றைக் காலில் துள்ளினேன். என் மேலதிகாரிகள் இருவரும் முறைப்படி இரண்டடி பின்வாங்கினார்கள்.

"ஆடாம நில்லுங்க சாமி, இழுக்காதீங்க, பல்லு உள்ளுக்கு நின்னுரும்," என்று வேலாயி ஓடி வந்து புல்லில் குந்தினாள். இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. "இதக் கொஞ்சம் புடிங்க," என்று எதையோ என் கையில் திணித்தாள். பிடித்துக்கொண்டேன். அவள் விரலில் சுண்ணாம்பைத் தொட்டு அட்டையின் மேல் தடவினாள். அது சுருண்டு விழுந்தது. தன் முந்தானையால் என் காலில் வழிந்த இரத்தத்தைத் துடைத்தாள்.

"வலிக்குதா சாமி? செத்த நேரத்துல நின்னுரும்."

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். கடதாசி என் கையில் இருந்தது.

சேவை விதிகளின்படி அது இனி என்னுடைய கடதாசி. வேறு வழியே இல்லை. உரக்க வாசித்து, தமிழில் சொன்னேன். மணி மூன்று ஐம்பது.

வேலாயி அழவில்லை. எழுந்து நின்று, ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள்.

"கண்டிக்குப் போய்ச் சேர ஏலாது," என்றார் லாபிர். அவர் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தார். "கொழும்புக் கோச்சி பேராதனையில நிக்கும்! வாங்கம்மா! ஓடி வாங்க!"

"டிரைவர்! ராட்சத மூங்கில் இன்னும் பாக்கேல்லை!" என்று பெரிய கிளாக்கர் கூவினார். நானும் ஓடினேன். கடதாசியை விட்டுவிட்டு நிற்க முடியாதே. எனக்குப் பின்னால் திரு. அருளம்பலம் அடுத்த மரத்தின் பெயரை வாசிக்கும் குரல் கேட்டது.

காரில் பறந்துபோய்ப் பேராதனை ஸ்டேஷன் மேடையில் நாங்கள் ஏறியபோது ரயில் வந்து நின்றது. மூன்றாம் வகுப்புப் பெட்டியின் சன்னலில் ஒரு பெண்ணின் முகம், அழுது வீங்கியிருந்தது.

"ஆத்தா!"

"பாலம்மா! கம்பளி வச்சிருக்கியா புள்ள? அங்க குளிராமே."

"தொரசாணி குடுத்திருக்காங்க. ஏன் ஆத்தா இவ்வளவு நேரம்? ரெண்டு மணியிலேருந்து வாசலயே பாத்துக்கிட்டு நின்னேனே!"

"கடுதாசிய வாசிக்க ஆளு கெடைக்கல புள்ள."

பாலம்மா என்னுடைய கோட்டையும், காற்சட்டையையும், சட்டைப்பையில் குத்தியிருந்த பேனையையும் பார்த்தாள். தாயின் இரண்டு கையையும் சன்னலுக்குள் இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். விசில் ஊதியது. வேலாயி ரயிலோடு கொஞ்ச தூரம் ஓடினாள்; மேடை முடிந்துவிட்டது.

பயணம் பெரு வெற்றி என்பதில் இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. திங்கட்கிழமை நான் எழுதிய அறிக்கை பதினோரு பக்கம். 'ஒரு நிமிடமேனும் வீணாகவில்லை' என்று அது முடிகிறது. அது உண்மை. கடிதத்தில் இருந்தது இரண்டு மணித்தியாலம். தாய்க்கும் மகளுக்கும் கிடைத்தது இரண்டு நிமிடம். மிச்சம் நூற்றுப் பதினெட்டு நிமிடங்களையும் நாங்கள் மரங்களின் மீது மிகுந்த பயனோடு செலவழித்தோம். விருந்தினரை மூங்கில் பார்க்கவிடாமல் தவிக்கவிட்ட குற்றத்துக்காக, லாபிரை இனி எங்கள் கந்தோர் அமர்த்துவதில்லை என்று தீர்மானமாயிற்று. மரப் பெயர்களைப் பிழையில்லாமல் எழுதியதற்காக எனக்கு உத்தியோக உயர்வு கிடைத்தது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அறிக்கையில் விட்டுவிட்டேன். ரயில் போன பிறகு, வேலாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கும்பிட்டாள்.

"நீங்க மட்டும் வாசிக்காட்டி எம் மவ மொகத்தப் பாத்திருக்கவே மாட்டேன் சாமி. தோட்டத்து மாரியம்மன் கோயில்ல பேரு சொல்லிக் கும்புடணும். ஒங்க பேரு என்ன?"

"கார்க்காரர் பேரைச் சொன்னால் போதும். லாபிர்."

"அவுக பேர காருல வாறப்பவே கேட்டுக்கிட்டேன், சாமி. நான் கேக்குறது ஒங்க பேர."

எங்கள் கந்தோரில் என் பெயருக்கு இலக்கம் உண்டு, தரம் உண்டு, ஓய்வூதிய உரிமையும் உண்டு. அம்மனுக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"லாபிரின்ரை பேரையே ரெண்டு தரம் சொல்லுங்கோ, அம்மா," என்றேன்.