கணவன்மாருக்கு ஒரு மஞ்சள் படிவம்

அன்பும் மரியாதையும் கலந்து அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சௌக்கியம். நீயும் அத்தானும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். என் வேலை தப்பித்தது, அக்கா! இன்றைக்குத்தான் ஒழுங்காக மூச்சு விடுகிறேன்.

கிராமத்துப் பெண்களின் வாழ்க்கை பற்றி வீடுவீடாக ஒரு கணக்கெடுப்பு, அதற்குக் கேள்வி தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததே, நினைவிருக்கிறதா? "இது தேறலைன்னா உங்க நாற்காலியும் தேறாது" என்று இயக்குநர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தால்தான் பயப்பட வேண்டும். தண்ணீர் யார் சுமக்கிறார்கள், உடம்புக்கு முடியாவிட்டால் யாரைக் கேட்டு மருத்துவரிடம் போகிறீர்கள் என்று பார்த்துப் பார்த்துக் கேள்வி எழுதி, ஒத்திகைக்கு ஒரு கிராமத்துக்குப் போனோம். முதல் வீட்டிலேயே வண்டி குடை சாய்ந்தது. கணக்கெடுக்கும் பெண் அந்த வீட்டு அம்மாளிடம், "தினமும் எவ்வளவு நேரம் ஓய்வு எடுப்பீங்க?" என்று கேட்டாள். கணவர் செருப்போடு உள்ளே வந்து, "அவளுக்கென்னம்மா, நாள் பூரா ஓய்வுதான்!" என்றார். அந்த அம்மாள் அடுப்பை ஊதியபடி, குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே தலையாட்டினாள். அடுத்த வீட்டில் "உங்க உடம்பு எப்படி இருக்கு?" என்று மனைவியைக் கேட்டால், கணவர் தன் முட்டிவலியைச் சொன்னார். கொஞ்சம் வெளியே இருங்கள் என்றால், "என் வீட்ல எனக்குத் தெரியாம என்ன ரகசியம்?" என்று சட்டமாக உட்கார்ந்துவிடுகிறார்கள்.

யோசித்து யோசித்து மண்டை காய்ந்தபோது ஒரு குறுக்குவழி தோன்றியது. கணவன்மாருக்கென்றே தனியாக ஒரு மஞ்சள் படிவம் செய்தேன். மேலே கொட்டை எழுத்தில் "குடும்பத் தலைவரின் மேலான கருத்துகள்". இளைஞர்கள் ஏன் கெட்டுப்போனார்கள்? நாட்டை உங்களிடம் கொடுத்தால் முதலில் என்ன செய்வீர்கள்? நாற்காலியை மரத்தடியில் போட்டுக் கேட்டோம். அவ்வளவுதான், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி என் கை ஒடிந்தது. உள்ளே பெண்கள் வாய் திறந்தார்கள். முதல் வீட்டு அம்மாள், "என்னைப் பத்தி என்கிட்டயே கேட்ட முதல் ஆளு நீதாம்மா" என்று சொல்லிக் கணக்கெடுக்கும் பெண்ணின் கையை விடவே இல்லையாம்.

நேற்று ஒப்புதல் கூட்டம். மேசையைச் சுற்றி அத்தனை பேரும் ஆண்கள். பெண்களின் கேள்விகளில் பாதியை வெட்டிவிடுவார்கள் என்றே நினைத்துப் போனேன். தெய்வாதீனமாக மஞ்சள் படிவம் மேலே இருந்துவிட்டது. நாட்டை யாரிடம் கொடுப்பது என்று பிடித்துக்கொண்டவர்கள் சாப்பாட்டு நேரம்வரை விடவில்லை. பசியில் பெண்களின் படிவத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு கேள்வியும் போகவில்லை, அக்கா!

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் அன்புத் தம்பி

பி.கு.: "இதையெல்லாம் அக்காவுக்கு விவரமா எழுதுங்களேன், உங்களை மாதிரி யாருக்கு எழுத வரும்?" என்று காலையில் என்னை மாடி அறையில் உட்காரவைத்ததே உன் தம்பி பெண்டாட்டிதான். உறை தேடி இப்போது கீழே வந்தால், அவள் போனில் உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறாள். கூட்டம்வரை எல்லாம் சொல்லியாகிவிட்டதாம். என்னைக் கண்டதும் "அப்புறம் பேசறேன் அண்ணி" என்று வைத்துவிட்டாள். வேறென்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா? இன்னும் ரெண்டு தாள் தரட்டுமா?" என்கிறாள்.